கடிகாரப் பேழையும் காவல் மனமும்

பொருளை எவ்வாறு ஈட்ட வேண்டும் என்பது பற்றி நம் ஆன்றோர் மிகுதியாகக் கூறியுள்ளனர். எவ்வாறு வழங்க வேண்டும் என்பதற்கும் நால்வகைத் தானங்களை வகுத்துத் தந்துள்ளனர். இவ்விரண்டிற்கும் இடையே, ஈட்டிய பொருள் நம் இல்லத்தில் தங்கியிருக்கும் காலம் ஒன்று உண்டு. பெரும்பாலான பொருள்களுக்கு அக்காலமே நெடியது. அக்காலத்தில் பொருளை எவ்வாறு வைத்துக் காக்கிறோம், காக்கும்போது நம் மனம் எந்நிலையில் நிற்கிறது என்னும் வினா, ஈட்டலையும் ஈதலையும் போல அவ்வளவாக ஆராயப்படுவதில்லை. அதனையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

எடுத்துக்காட்டாக, விலையுயர்ந்த கைக்கடிகாரங்களின் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். உழவும் ஆசிரியப் பணியும் சிறு வாணிகமுமாக வாழ்ந்துவரும் நம் ஊர்களில் இத்தகைய தொகுப்பு அரிது என்பது உண்மையே. ஆயினும் நம் பிள்ளைகள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணிபுரிகின்றனர். முதல் ஊதியத்தில் ஒரு நல்ல கடிகாரம், பதவி உயர்வின்போது மற்றொன்று எனத் தொடங்கி, பேழை நிறையச் சேர்த்துவிட்டோர் அவர்களுள்ளும் இருக்கலாம். மேலும், அருமை என்பது காலத்தால் வருவதும் உண்டு. 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனத்தின் கடிகாரங்கள் ஒரு காலத்தில் நம் நாட்டில் திருமணச் சீராகவும் பணி ஓய்வுப் பரிசாகவும் வழங்கப்பெற்றவை. 2016இல் அக்கடிகார நிறுவனத்தை மூட நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. இன்று பாட்டனார் கட்டிய எச்.எம்.டி. கடிகாரத்தையும் தேடி வாங்குவோர் உளர். ஆதலின் இவ்வினா செல்வர்க்கு மட்டும் உரியதன்று.

கடிகாரத்தை எடுத்துக்கொண்டமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. தங்கத்தை உருக்கி விற்கலாம். நிலத்தில் நெல் விளையும். விலையுயர்ந்த கடிகாரமோ தன் தொழிலிற்கூட எளிய கடிகாரத்திற்குப் பிற்பட்டது. சுவிட்சர்லாந்தில் சோதித்துச் சான்றளிக்கப்பெறும் வில்சுருள் கடிகாரம் ஒரு நாளைக்கு நான்கு வினாடி பிந்தவோ ஆறு வினாடி முந்தவோ இடமளிக்கப்படுகிறது. சில நூறு ரூபாய் விலையுள்ள குவார்ட்சு கடிகாரம் ஒரு மாதத்திற்கே ஏறத்தாழப் பதினைந்து வினாடிதான் பிழைபடும். எனவே இலட்சக்கணக்கில் விலை கொடுப்போர் காலத்தை அறிவதற்காகக் கொடுப்பதில்லை. கைவினைத் திறனுக்காகவும் அருமைக்காகவும், பிறர் அதனை மதிக்கிறார்கள் என்பதற்காகவுமே கொடுக்கின்றனர். இவ்வாறு பயனினின்று பெரிதும் பிரிந்து நிற்கும் பொருளில்தான் பற்றின் இயல்பு தெளிவாகப் புலப்படும்.

பேணுதல்

முதலில், அத்தகைய கடிகாரங்களை இல்லத்தில் வைத்துக் காப்பது எதனை வேண்டுகிறது என்பதைக் காண்போம்.

கடிகாரத்திற்கு முதற்பகை ஈரம். கடலோர ஊர்களின் மழைக்காலக் காற்றில் தோல்வார் பூஞ்சணம் பூக்கும். மூடி சரிவரப் பொருந்தாத பழைய கடிகாரத்தின் முகப்பில் கறை படியும். உள்ளிருக்கும் எஃகு துருவேறும். குளியலறையை ஒட்டிய சுவரிலோ சமையலறைக்கு அருகிலோ பேழையை வைத்தல் ஆகாது. பேழைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இட்டு, அவை ஈரம் உறிஞ்சி நிறைந்ததும் மாற்றிவர வேண்டும். துணிக்கு இடும் அந்துருண்டையைக் கடிகாரத்துடன் வைத்தல் கூடாது. அதன் ஆவி தோலுக்கும் சிலவகைப் பிளாஸ்டிக்கிற்கும் நன்றன்று. இரண்டாவது பகை காந்தம். ஒலிபெருக்கி, கைப்பேசி, காந்தப் பூட்டுடைய பைகள் ஆகியவற்றின் அருகில் வைத்தால், உள்ளிருக்கும் மெல்லிய மயிர்ச்சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கடிகாரம் விரைந்தோடத் தொடங்கும். மூன்றாவது பகை மறதி. மின்கலத்தால் ஓடும் கடிகாரம் நின்றபின்பும் மின்கலத்தை அகற்றாது விட்டால், அது கசிந்து உள்ளுறுப்புகளை அரித்துவிடும். வில்சுருள் கடிகாரத்திற்கோ உள்ளிடும் எண்ணெய் காலத்தால் தன் தன்மை இழக்கும். ஐந்து முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் பிரித்துத் துடைத்து எண்ணெயிட வேண்டும். பத்துக் கடிகாரம் உடையவர் ஆண்டுதோறும் ஒன்றையோ இரண்டையோ பழுதுபார்ப்பவரிடம் அனுப்பிக்கொண்டே இருக்க நேரும்.

வாங்கிய சீட்டும் சான்றுத்தாளும் கடிகாரத்துடன் ஒரே இடத்தில் இருத்தல் ஆகாது. ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் குறித்து, நிழற்படம் எடுத்து, அதன் படி ஒன்றை வேறிடத்தில் வைத்தல் வேண்டும். இரும்புப் பெட்டி சிறிதாயின் கள்வன் அதனைப் பெட்டியோடு தூக்கிச் சென்றுவிடுவான்; ஆதலின் சுவரிலோ தரையிலோ திருகாணி கொண்டு இறுக்குதல் வேண்டும். வங்கிப் பெட்டகம் எல்லா இழப்பையும் ஈடுசெய்யும் என்று எண்ணுவோர் ஒன்றை அறிதல் நன்று. 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, தீ, களவு, கட்டடச் சரிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் பெட்டகப் பொருள் அழிந்தால் வங்கியின் பொறுப்பு அப்பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரையில்தான். ஆண்டு வாடகை 3,000 ரூபாயாயின், உள்ளே எத்துணை மதிப்புள்ள பொருள் இருந்தாலும் வரம்பு மூன்று இலட்சமே. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்கள் வங்கியின் கவனக்குறைவால் அல்லாது விளைந்தால் அப்பொறுப்பும் இல்லை.

இவற்றையெல்லாம் செய்தல் தவறா? தவறன்று என்பதே நம் கருத்து. ஒரு கைவினைஞர் பல நாள் கண்ணூன்றிச் செய்த பொருளைத் துருவேற விடுவது துறவாகாது, அஃது அசட்டையே. பொருளைப் பழுதாக்கி மீண்டும் வாங்குவதினும், உள்ளதைப் பேணி நெடுநாள் ஆளுதல் பொருளாசையைக் குறைக்கவே துணைசெய்யும்.

ஆயினும் பேணுதலின் தொடக்கத்திலேயே நம் அறம் ஒரு வினாவை எழுப்புகிறது. விலையுயர்ந்த கடிகாரங்கள் பலவற்றின் வார் முதலைத்தோலாலும் கன்றின் தோலாலும் ஆனது. அவற்றை வைக்கும் பேழையின் உள்ளுறையும் பலவிடத்துத் தோலே. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட இல்லத்தில், ஓர் உயிரின் தோலுக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் நாள்தோறும் காவல் இருப்பது எவ்வாறு பொருந்தும்? உலோகப் பட்டையும் துணிவாரும் இரப்பர் வாரும் எளிதிற் கிடைக்கின்றன. தோல்வாரை நீக்கி இவற்றுள் ஒன்றை அணிவித்தல் அரை மணி நேர வேலை. தொகுப்பாளர் சிலர் மூலவார் இன்றேல் மதிப்புக் குறையும் என்பர். குறையட்டும். எதன் மதிப்பைக் காக்க வேண்டும் என்பதை முதலில் தெளிதல் நன்று.

காவல்

இனி, நாம் எடுத்துக்கொண்ட வினாவின் உள்ளீட்டிற்கு வருவோம்.

உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம் என நான்காகப் பகுக்கிறது. இவற்றுள் கொடிதாகிய ரௌத்திர தியானத்தையும் நான்காக விரிக்கிறது. கொலையைப் பற்றி, பொய்யைப் பற்றி, களவைப் பற்றி மனம் தோய்ந்து நிற்பன முதல் மூன்று. நான்காவதாக அந்நூல் வைப்பது, தனக்கு இன்பந்தரும் பொருள்களைக் காத்துக்கொள்வதைப் பற்றிய இடையறாச் சிந்தனையை. கொலை, பொய், களவு ஆகியவற்றின் வரிசையில் காவல் வைக்கப்பெற்றிருப்பது முதற்பார்வையில் நமக்கு வியப்பளிக்கும். கள்வன் செய்வது பாவம். களவுக்கு அஞ்சிப் பூட்டுபவன் செய்வது எங்ஙனம் பாவமாகும்?

இதற்கு விடை காண நூலை விட்டு இல்லத்தை நோக்கினால் போதும். கடிகாரப் பேழையைப் பூட்டியவன் மனம் பூட்டோடு நின்றுவிடுவதில்லை. வீட்டு வேலை செய்யும் அம்மையார் அறையைப் பெருக்கும்போது அவன் கண் அவர் கையைத் தொடர்கிறது. மின்பழுது பார்க்க வந்தவர் சுவரை நோக்கினால் ஐயம் எழுகிறது. உறவினர் பிள்ளை விலை கேட்டால் ஏன் கேட்டான் என்று எண்ணுகிறது. ஒருநாள் பேழையில் ஓர் இடம் வெறுமையாகக் காணப்படுகிறது. பத்தாண்டு உழைத்த பணிப்பெண் வினவப்படுகிறாள். அவள் பை சோதிக்கப்படுகிறது. அவள் அழுதுகொண்டே வெளியேறுகிறாள். ஒரு திங்கள் கழித்துப் பயணப்பையின் உள்ளறையில் கடிகாரம் கிடைக்கிறது. இது நகரத்து வீடுகளில் நிகழக்கூடியதே. களவு நிகழவில்லை, ஆயினும் ஒருவர் கள்வராக்கப்பட்டார். அவர் இழந்த நற்பெயருக்கு எந்தக் காப்பீட்டுக் கழகமும் ஈடு தருவதில்லை. காவற்சிந்தனை ஏன் கொலை, பொய், களவுகளின் அருகில் வைக்கப்பெற்றது என்பதற்கு இதனினும் வேறு உரை வேண்டுமோ? காவலில் தோய்ந்த மனம் எதிர்ப்படுவோரை எல்லாம் பகைவராக மாற்றிக் காண்கிறது. அங்கே நண்பும் அருளும் நிற்க இடமில்லை.

அந்நூல் மற்றொன்றையும் குறிப்பிடுகிறது. ரௌத்திர தியானம் விரதம் ஏலாதார்க்கு மட்டுமன்றி, அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார்க்கும் நேரக்கூடும். 'நாம் ஊனுண்பதில்லை, பொய் சொல்வதில்லை, எனவே நமக்கு இது பொருந்தாது' என்று நாம் அமைந்திருக்க வழியில்லை.

பெருந்தொகுப்பாளர்களின் வரலாறும் இதனையே காட்டுகிறது. நியூயார்க்கு நகரத்துச் செல்வர் என்றி கிரேவ்சு என்பார் படேக் பிலிப் நிறுவனத்திடம் செய்வித்து 1933இல் பெற்ற சட்டைப்பைக் கடிகாரம் 24 வகைச் சிறப்புச் செயற்பாடுகளை உடையது. அதனைப் போன்றதொன்று அன்று உலகில் வேறில்லை. ஆனால் அதனால் வந்த விளம்பரமும் தொல்லையும் அவரை வருத்தின. ஒருநாள் ஏரியிற் படகில் செல்லும்போது அக்கடிகாரத்தை நீரில் எறிய முற்பட்டார் என்றும், உடனிருந்த மகள் தடுத்து வாங்கி வைத்துக்கொண்டார் என்றும் அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் கூறுவர். அதே கடிகாரம் 2014இல் ஜெனீவா ஏலத்தில் ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. உலகம் அவ்வளவு மதித்த பொருளை, உடையவரே ஒருநாள் சுமையெனக் கருதினார் என்பது சிந்திக்கத்தக்கது.

மற்றொரு நிகழ்ச்சி ஜெருசலேம் நகரத்தது. அங்குள்ள எல்.ஏ. மேயர் இசுலாமியக் கலை அருங்காட்சியகத்தில் 1983 ஏப்ரல் மாதத்தில் 106 கடிகாரங்கள் களவுபோயின. பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்துக்கென 1783இல் ஆணையிடப்பெற்று, அவ்வரசி 1793இல் கொல்லப்பட்டு, செய்யத் தொடங்கிய பிரெகே என்னும் கலைஞரும் 1823இல் மறைந்தபின் 1827இல் முற்றுப்பெற்ற கடிகாரம் அவற்றுள் தலையாயது. கள்வன் 2004இல் இறக்கும்வரை அகப்படவில்லை. ஆனால் உலகம் அறிந்த அக்கடிகாரத்தை அவனால் வெளிப்படையாக விற்கவும் இயலவில்லை. களவுபோனவற்றுள் பெரும்பகுதியை அவன் பல இடங்களில் மறைத்துவைத்துக் காத்துக்கொண்டே இருந்தான். 2006 முதல் 2008 வரை அவற்றுள் பல மீட்கப்பெற்றன. பிறர் காவலை உடைத்தவன் இருபதாண்டிற்கு மேல் தானே காவற்காரனானான். எவளுக்காகச் செய்யப்பெற்றதோ அவள் அதனைக் கண்டதேயில்லை. எவன் கவர்ந்தானோ அவன் அதனைப் பிறர் காணக் கையில் கட்டியதுமில்லை.

ஒரு தடையும் விடையும்

இங்கே சிலர் வினவலாம்: 'அவ்வாறாயின் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகலாமா? பூட்டுவதே பாவம் என்றால் இல்லறம் எவ்வாறு நடக்கும்?'

நியாயமான வினாவே. பூட்டுதல் பாவம் என்று நாம் கூறவில்லை. வறுமையில் உழல்பவர் கண்முன்னே அவர் பத்தாண்டு ஊதியத்திற்கு நிகரான பொருளை மேசைமீது போட்டுவைப்பது பெருந்தன்மை ஆகாது. அது அவரைச் சோதனைக்கு உள்ளாக்குவது. பின்னர் பொருள் காணாமற்போனால் அவரையே முதலில் ஐயுறவும் இடமளிப்பது. ஆதலின் செவ்வையாகப் பூட்டிவைத்தல் உடையவருக்கு மட்டுமன்றி, அவ்வில்லத்தில் உழைப்பவருக்கும் காப்பாகும். பொருளின் பட்டியலை எழுதிவைத்தலும் அத்தகையதே. எந்தக் கடிகாரம் எங்கே உள்ளது, எது பழுதுபார்க்கச் சென்றுள்ளது என்பது எழுத்தில் இருந்தால், ஒருவரை ஐயுறுமுன் ஏட்டைப் பார்க்கலாம். நற்காவல் ஐயத்தைக் குறைக்கும்.

எனவே இருவகைக் காவலையும் பிரித்தறியும் அளவுகோல் ஒன்றைக் கூறலாம். பூட்டிய பின் மனம் அப்பொருளை விட்டு அகன்று தன் கடமைக்குச் செல்கிறதா, அன்றி மீண்டும் மீண்டும் அதனிடமே திரும்புகிறதா? முதலாவது இல்லறத்தான் கடமை. இரண்டாவது, ஆசாரியர் எச்சரித்த தியானம். பொருள் ஒன்றே, பூட்டும் ஒன்றே. மனத்தின் நிலையால் இரண்டும் வேறாகின்றன. பொருளுடைமை என்பதற்கே நம் நூல்கள் மயக்கம் என்று பொருள் கொண்டமையும் இக்கருத்துப்பற்றியே.

அளவு

'மனத்தை அடக்குவோம், பொருள் எவ்வளவு இருந்தால் என்ன?' என்று கூறிவிடலாமா எனில், அதுவும் பொருந்தாது. பொருளின் அளவு மிக மிக, மனம் அதனிடம் திரும்புவதற்கான காரணங்களும் மிகுகின்றன. ஒரு கடிகாரம் உடையவர் அதனைக் கட்டிக்கொள்கிறார். அவருக்குக் காவல் என்று ஒன்று தனியே இல்லை. ஐந்து உடையவருக்குப் பேழை வேண்டும். இருபது உடையவருக்கு இரும்புப் பெட்டி, காப்பீடு, கண்காணிப்புக் கருவி, ஊருக்குச் செல்லும்போது ஒரு காவலாள் என வரிசை நீள்கிறது. அடியிற் பெருகும் பொருளை நுனியில் மனவடக்கத்தால் தாங்குவோம் என்பது எளிதன்று. அதனாற்றான் ஐந்தாம் அணுவிரதம், உள்ளத்தின் ஆசையைக் குறைக்க வேண்டும் என்று மட்டும் கூறி அமையாமல், பொருளையே முன்கூட்டி வரையறுக்கச் சொல்கிறது.

நிலம், வீடு, வெள்ளி, பொன், ஆநிரை, தானியம் என நூல்கள் எண்ணும் பட்டியலில் கைக்கடிகாரம் பெயர் பெறவில்லை. அக்காலத்தில் அஃது இல்லை. அதனால் வரையறை செய்வோர் பலர் அதனைக் கணக்கில் சேர்க்காது விடுகின்றனர். இஃது ஓர் ஓட்டை. மற்றோர் ஓட்டையும் உண்டு. 'பத்துக்கு மேல் வையேன்' என்று எண்ணிக்கையால் வரைந்தவர், ஒன்றை விற்று அதனினும் பன்மடங்கு விலையுள்ளதை அவ்விடத்தில் வைக்கலாம். எண்ணிக்கை மாறவில்லை, விரதமோ உள்ளே அரிக்கப்படுகிறது. ஆதலின் எண்ணிக்கை, மொத்த மதிப்பு, அதற்கெனச் செலவிடும் நேரம் ஆகிய மூன்றையும் வரைதல் நன்று. வாரத்திற்கு எத்தனை மணி நேரம் விலைப்பட்டியலைப் பார்ப்பதிலும் பேழையைத் திறந்து நோக்குவதிலும் செல்கிறது என்பதை நேர்மையாகக் கணக்கிட்டு, அந்நேரத்தைச் சாமாயிகத்திற்கும் சுவாத்தியாயத்திற்கும் செலவிடும் நேரத்தோடு ஒப்பிட்டால், வேறு அறிவுரை தேவைப்படாது.

இறுதியாக ஒன்று. ஈட்டல், காத்தல், பகுத்தளித்தல் என்று வரிசைப்படுத்தும்போது காத்தல் இடையில் நிற்பது, அது முடிவன்று. காத்த பொருள் ஒருநாள் கைமாறியே தீரும். பெட்டியின் எண்ணை ஒருவரே அறிந்திருந்து, அவர் மறைந்தபின் மக்கள் கொல்லனை அழைத்து உடைக்கும் நிலையும், எது யாருக்கு என்று உடன்பிறந்தார் பூசலிடும் நிலையும் வருதல் வேண்டா. உயிரோடிருக்கும்போதே, பேரன் படிப்பை முடித்த நாளில், மகள் பணியில் சேர்ந்த நாளில், ஒவ்வொன்றாக எடுத்துத் தம் கையாலேயே கட்டிவிடலாம். விற்று ஓர் ஏழை மாணவனின் கல்விக்கோ நோயுற்றவர் மருந்துக்கோ உதவலாம். பேழையில் கிடந்தால் அதற்குக் காவல் வேண்டும். ஒருவர் கையில் ஓடினால் அது காலத்தைக் காட்டும்.

ஆதலின் அன்பர்கள் இத்தகைய பொருளைச் செவ்வையாகப் பேணுக. ஒருமுறை திருத்தமாகப் பூட்டுக. பட்டியலை எழுதி இல்லத்தார்க்கு அறிவிக்க. அளவை வரைந்து அதனைக் கடவாதிருக்க. அதன்பின் பொருள் காணாமற்போனாலும், எவர்மீதும் பழி சுமத்துமுன் ஏழு நாள் பொறுத்துத் தேடுவோம் என்று இல்லத்தில் ஒரு நியமம் செய்துகொள்க. இழந்த கடிகாரத்தைப் பின்னர் வாங்கலாம். குற்றமற்ற ஒருவர் உள்ளத்தில் நாம் உண்டாக்கிய புண்ணை அவ்வளவு எளிதில் ஆற்ற இயலாது.